சூத்திரம் அறிந்தார், விருத்தி அறிந்திலர்

கணிதத்தில் இலகுவான பகுதி எதுவென வினவின், கூட்டல் விருத்தியும் பெருக்கல் விருத்தியுமே எனக் கூறும் மாணவர் பலர். நான்கு சூத்திரங்களை மனனம் செய்தாற் போதும், வினாவிற் கிடக்கும் எண்களைப் பொறுக்கி அவற்றில் இட்டால் விடை வெளிவரும், புள்ளியும் கிடைக்கும். இலகு எனப் போற்றப்படும் இப்பகுதியே தமிழ் மொழிமூலக் கணிதக் கல்வியின் பெரியதொரு தோல்வியை மறைத்து நிற்கின்றது. சூத்திரத்தைப் பிழையின்றி ஒப்புவிக்கும் ஒருவர், தம் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கும் விருத்தியை இனங்காண மாட்டாதவராய் இருப்பாராயின், அவர் கற்றது கணிதமாகாது. கணிதத்தின் ஒலி மட்டுமேயாகும்.

முதலில் வகுப்பறையை நோக்கலாம். 7, 11, 15 எனத் தொடரும் விருத்தியில் 123 எத்தனையாம் உறுப்பு என்பது வழக்கமான வினா. 7இலிருந்து 123 வரை ஏறவேண்டிய தூரம் 116. ஒவ்வொரு படியும் 4. எனவே 29 படிகள். படிகள் 29 எனின் உறுப்புகள் 30. வேலிக்குக் கம்பு நட்ட எவரும் இதனை அறிவர். 29 இடைவெளிகளுக்கு 30 கம்புகள் வேண்டும். சூத்திரத்திற் காணப்படும் ‘ஒன்று கழித்தல்’ என்னும் செய்கை இந்த வேலிக் கணக்கைத் தவிர வேறன்று. ஆயினும் அந்த ‘ஒன்று’ எங்கிருந்து வந்தது என வினவினால், சூத்திரத்தில் அவ்வாறு உள்ளது என்பதே மாணவரின் விடையாக இருக்கின்றது. அதே விருத்தியில் 100 எத்தனையாம் உறுப்பு எனக் கேட்டால் நிலைமை மேலும் தெளிவாகும். சூத்திரம் 24.25 என்ற எண்ணைத் தரும். ‘24.25ஆம் உறுப்பு’ என எழுதி, அடியிற் கோடிட்டு, அடுத்த வினாவுக்குச் செல்லும் மாணவர், அத்தகைய உறுப்பொன்று இருத்தல் இயலாது என்பதையோ, 100 அவ்விருத்தியில் இடம்பெறவே இல்லை என்பதையோ சிந்திப்பதில்லை. கை கணித்தது, அறிவு உறங்கியது.

பெருக்கல் விருத்தியின் நிலை இதனினும் இரங்கத்தக்கது. 2, 6, 18 எனத் தொடங்கும் விருத்தியின் முதல் ஆறு உறுப்புகளின் கூட்டுத்தொகையைக் காணச் சூத்திரம் எதுவும் இன்றியமையாததன்று. 2, 6, 18, 54, 162, 486 என்பவற்றை ஒரு வரியில் எழுதுக. யாவற்றையும் மூன்றாற் பெருக்கி, ஓரிடம் தள்ளி, அடுத்த வரியில் எழுதுக. மேல்வரியின் 6 கீழ்வரியின் 6உடன் கழியும்; 18 என்பது 18உடன் கழியும்; இறுதியில் எஞ்சுவன கீழ்வரியின் 1,458உம் மேல்வரியின் 2உமே. அவற்றின் வேறுபாடு 1,456. கீழ்வரித் தொகை மேல்வரித் தொகையின் மும்மடங்காதலால், இவ்வேறுபாடு தொகையின் இருமடங்கு ஆகும். ஆகவே தொகை 728. இத்துணை எளிய, இத்துணை அழகிய ஓர் எண்ணத்தை மறைத்துவிட்டு, அதன் எலும்புக்கூட்டை மட்டும் கரும்பலகையில் எழுதி ‘பாடமாக்குக’ எனக் கட்டளையிடுதல் எத்தகைய கற்பித்தல்?

இவ்வெண்ணங்கள் நேற்றுத் தோன்றியவையல்ல. கி.மு. 1550 அளவிற் படியெடுக்கப்பட்ட எகிப்திய றைண்ட் பப்பிரசுச் சுவடியில், பத்துப் பேருக்குப் பத்து அளவை வாற்கோதுமையைச் சமமான வேறுபாட்டுடன் பங்கிடும் கணக்கு உண்டு. 7இல் தொடங்கி ஒவ்வொரு படியிலும் ஏழால் பெருகி 19,607 எனக் கூட்டப்படும் கணக்கும் அதில் உண்டு. இயூக்கிளிட்டின் ஒன்பதாம் நூல் பெருக்கல் விருத்தியின் தொகையை வேறுபாடுகளின் விகிதமாக நிறுவுகின்றது. கி.பி. 499இல் ஆரியபடர் கூட்டல் விருத்தியின் தொகையைக் கூறியதோடு அமையாது, தொகை தரப்பட்டால் உறுப்புகளின் எண்ணிக்கையைக் காணும் வழியையும் கூறினார். தமிழில் காரிநாயனாரின் ‘கணக்கதிகாரம்’ நிலம், நெல், பொன் ஆகியவற்றின் அளவைகளோடு பிணைந்த கணக்குகளை வைத்தது. திண்ணைப் பள்ளிகளின் எண்சுவடி மனனத்தையே முறையாகக் கொண்டிருந்தது என்பது மெய். ஆயின் அங்கு மனனம் செய்யப்பட்டவை களத்திலும் கடையிலும் மறுநாளே பயன்பட்டவை. மனனம் தன்னளவிற் குற்றமன்று. மனனம் செய்ததன் பொருள் யாதென அறியாதிருத்தலே குற்றம்.

சிறுவன் காவுசு ஒன்றிலிருந்து நூறு வரையிலான எண்களை நொடியிற் கூட்டி 5,050 என விடை கூறிய கதையை ஒப்புவியாத கணித ஆசிரியர் அரியர். 1856இல் வெளிவந்த காவுசின் முதல் வரலாற்று நூல், ஆசிரியர் ஒரு கூட்டல் விருத்தியைக் கூட்டுமாறு பணித்தார் என்றே கூறுகின்றது. ஒன்று முதல் நூறு என்ற எண்கள் அதில் இல்லை. அவை பின்னர் வந்தோர் சேர்த்தவை. அது ஒருபுறமிருக்க, அக்கதை வகுப்பறையிற் பயன்படும் முறையே விசித்திரமானது. ஒரு சிறுவன் சூத்திரமின்றிச் சிந்தித்த கதையைக் கூறிமுடித்த மறுகணமே, ஆசிரியர் திரும்பிச் சூத்திரத்தை எழுதிப் பாடமாக்கச் சொல்கின்றார். கதையின் பொருளுக்கு இதைவிடப் பெரிய அவமதிப்பு வேறில்லை.

இனி வகுப்பறைக்கு வெளியே செல்லலாம். கல்முனைக்கு வடக்கே, மருதமுனைக்கு அணித்தாய்க் கடலை நோக்கிக் கிடப்பது பாண்டிருப்பு. திரௌபதை அம்மன் கோயிலின் தீமிதிப்பினாற் பெயர்பெற்ற ஊர். அயலூரான மருதமுனை கைத்தறிக்குப் பெயர்பெற்றது. 2004 டிசம்பர் 26இன் கடற்கோள் இக்கரை முழுவதையும் சிதைத்தது. 2009இல் போர் முடிந்தபின் வடக்கிலும் கிழக்கிலும் நுண்கடன் பரவிற்று. வாரந்தோறும் மாதந்தோறும் தவணை கட்டும் பெண்களின் துயரம் நாடறிந்தது. 2016இல் 6ஆம் இலக்க நுண்நிதியளிப்புச் சட்டம் நிறைவேற்றப்பட்டது. 2018இல், வறட்சியாற் பாதிக்கப்பட்ட மாவட்டங்களிற் பெண்கள் பெற்ற 100,000 ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடன்களைத் தள்ளுபடி செய்யும் திட்டத்தை அரசாங்கம் அறிவிக்க நேர்ந்தது. இவ்வளவுக்கும் நடுவில், விருத்தி என்னும் பாடம் அவ்வூர்களின் பாடசாலைகளில் ஆண்டுதோறும் கற்பிக்கப்பட்டே வந்தது.

ஓர் உதாரணக் கணக்கை எடுத்துக்கொள்ளலாம். தறிக்கு நூல் வாங்க ஒருவர் 60,000 ரூபா கடன் பெறுகின்றார். வட்டி ஆண்டுக்கு 24 சதவீதம். அதாவது மாதத்துக்கு 2 சதவீதம். பன்னிரண்டு தவணைகள். கடன் கொடுப்போர் முழுத்தொகைக்கும் முழு ஆண்டுக்கும் வட்டி கணித்து 14,400 ரூபா எனக் கூறி, மொத்தம் 74,400 ரூபாவைப் பன்னிரண்டாற் பிரித்து, மாதம் 6,200 ரூபா எனத் தவணை விதிக்கின்றனர். கேட்போருக்கு இதில் வஞ்சனை ஏதும் தோன்றாது. ஆனால் முதல் மாதம் மட்டுமே அவரிடம் 60,000 ரூபா இருந்தது. மாதம் 5,000 வீதம் முதல் திரும்புகின்றதெனக் கொண்டால், அடுத்த மாதம் 55,000, பின்னர் 50,000, இறுதி மாதம் 5,000. இது ஒரு கூட்டல் விருத்தி. முதலையும் இறுதியையும் சோடி சேர்த்தால் 65,000, அத்தகைய சோடிகள் ஆறு, தொகை 390,000. பன்னிரண்டாற் பிரித்தால், ஆண்டு முழுவதும் அவரிடம் சராசரியாக இருந்த கடன் 32,500 ரூபாவே. அதற்கு 14,400 ரூபா வட்டி எனின், வீதம் 44 சதவீதத்துக்கும் மேல்.

தவணைகளை நுட்பமாக ஆராயப் பெருக்கல் விருத்தி உதவும். முதல் மாத இறுதியிற் கட்டும் 6,200 ரூபாவின் இன்றைய பெறுமதி, மாத வட்டிக் காரணியால் ஒரு முறை வகுத்ததாகும். இரண்டாம் மாதத்தினது இரு முறை வகுத்தது. இவ்வாறே பன்னிரண்டு உறுப்புகள். அவற்றின் தொகை 60,000 ஆகவேண்டும். எண்களை இட்டுப் பார்த்தால் மாத வீதம் 3.5 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவாகவும், ஆண்டு வீதம் ஏறத்தாழ 42 சதவீதமாகவும் அமையும். மெய்யாகவே மாதம் 2 சதவீதம் எனின், தவணை ஏறத்தாழ 5,674 ரூபாவாகவே இருத்தல் வேண்டும். ஒப்பந்தத்திற் பொய் எழுதப்படவில்லை. எழுதப்பட்டதை வாசிக்கும் கணிதமே வாசிப்போரிடம் இல்லை.

இதில் வேதனைக்குரியது யாதெனின், இக்கணக்குக்கு வேண்டிய யாவும் க.பொ.த. சாதாரண தரப் பாடத்தில் இருப்பதேயாகும். குறைந்து செல்லும் மீதிக்கு வட்டி கணிக்கும் முறை அங்கு உண்டு. ‘மாத அலகு’ என்னும் கருத்தும் உண்டு. பன்னிரண்டு தவணைகளுக்கு மாத அலகுகள் 78 என மாணவர் கணிக்கின்றனர். அந்த 78 என்பது 1 முதல் 12 வரையிலான கூட்டல் விருத்தியின் தொகை. மேற்கூறிய 390,000 என்பதும் 5,000ஐ 78ஆற் பெருக்கியதே. 5,000 ரூபாவுக்கு ஒரு மாத வட்டி 100 ரூபா. 78 அலகுகளுக்கு 7,800 ரூபா. அறவிடப்பட்டதோ 14,400. ஒரே நூலில் விருத்தி ஓரிடத்திலும் வட்டி வேறோரிடத்திலும் நிற்கின்றன. ஒன்றையொன்று அறியாத அயலவர் போல் அவை கற்பிக்கப்படுகின்றன. ‘விருத்தி’ எனும் சொல்லின் வடமொழி மூலம் பெருக்கத்தோடு வட்டியையும் குறிப்பது. ஈழத்துப் பாடநூல்கள் தேர்ந்த கலைச்சொல்லுக்குள்ளேயே அவ்வுறவு பொதிந்திருக்க, அச்சொல்லை விரித்துக் காட்டுவார் இல்லை.

வட்டியை மார்க்கம் விலக்கியுள்ள முஸ்லிம் ஊர்களுக்கு இவ்வாதம் பொருந்தாது எனக் கருதுவது தவறு. தவணைமுறைக் கொள்வனவில் உடன் விலைக்கும் தவணை விலைக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை அளக்கத் தெரிந்தவரே, தாம் விலக்கவேண்டியது எங்கு வேறு பெயர் பூண்டு வருகின்றது என்பதை அறிவார். அறத்தைக் காக்கவும் கணக்கு வேண்டும்.

இதற்கு எதிர்வாதம் ஒன்றுண்டு. பரீட்சைக்கு நேரம் குறைவு. கணிதத்திற் சித்தியடையாமை பலருக்கு மேற்படிப்பின் வாயிலை அடைத்துவிடுகின்றது. வறிய மாணவர் முதலிற் சித்தியடையட்டும், விளக்கம் பின்னர் வரட்டும் என்பர். இவ்வாதத்தில் இரக்கம் உண்டு. அதனை எள்ளுதல் தகாது. ஆயினும் அது மெய்யான நிலைமையைத் தலைகீழாகக் காண்கின்றது. சூத்திரத்தை மட்டும் கற்றவர் வினாவின் சொற்கள் சற்று மாறினாலும் தடுமாறுகின்றார்; எது எச்சூத்திரம் என நினைவிற் குழம்புகின்றார். சோடி சேர்க்கவும், ஓரிடம் தள்ளிக் கழிக்கவும் அறிந்தவர் சூத்திரத்தை மறந்தாலும் அதனை மீண்டும் ஆக்கிக்கொள்வார். நேரத்தை மிச்சப்படுத்துவதாகக் கூறும் முறை, ஒரே பாடத்தைத் தனியார் வகுப்புகளில் மீண்டும் மீண்டும் விலைகொடுத்து வாங்கவைக்கின்றது. வசதியுள்ளோர் அவ்விலையைக் கொடுப்பர். வறியோரின் பெயராற் காக்கப்படும் மனனமுறை வறியோரையே முதலிற் கைவிடுகின்றது. ‘பின்னர்’ வரும் எனப்பட்ட விளக்கமோ, கலைத்துறைக்கோ தொழிலுக்கோ செல்லும் பெரும்பான்மையோருக்கு ஒருபோதும் வருவதில்லை. அவர்களே நாளை கடன் பத்திரங்களிற் கையொப்பமிடுவோர்.

விருத்தி பற்றிய அறியாமை கடன் பத்திரத்தோடு நிற்பதுமன்று. 1798இல் மால்தசு, மக்கட்டொகை பெருக்கல் விருத்தியிலும் உணவு கூட்டல் விருத்தியிலும் பெருகும் என எழுதினார். 1805இல் அவர் கிழக்கிந்தியக் கம்பனியின் கல்லூரியிற் பேராசிரியரானார். வறுமைக்கு வறியோரின் பெருக்கமே காரணம் என்னும் கொள்கை இரண்டு கணிதச் சொற்களின் கௌரவத்தோடு உலகிற் பரவியது. பொது விகிதம் எவ்வாறு நிலையானது? உணவின் வளர்ச்சி ஏன் கூட்டலாக மட்டும் இருக்கவேண்டும்? விருத்தியின் பொருளறிந்த மாணவர் இவ்வினாக்களைக் கேட்பார். சூத்திரம் மட்டும் அறிந்தவரோ, கணிதச் சொல்லைக் கண்டதும் பணிந்துவிடுவார். 2020இல் கொள்ளைநோய் பரவியபோது, சில நாட்களுக்கு ஒருமுறை இரட்டிக்கும் எண்களைக் கண்டும் முதல் வாரங்களில் உலகின் பல பகுதிகள் அமைதியாக இருந்தமையும் இவ்வறியாமையின் இன்னொரு முகமே.

ஆகவே செய்யவேண்டியவை தெளிவானவை. விருத்திப் பாடமும் வட்டிப் பாடமும் இணைத்துக் கற்பிக்கப்படல் வேண்டும். சூத்திரம் பாடத்தின் முடிவில் மாணவரால் ஆக்கப்படல் வேண்டும். தொடக்கத்தில் ஆசிரியரால் அருளப்படலாகாது. ‘100 இவ்விருத்தியில் உண்டா? ஏன் இல்லை?’ என்பன போன்ற வினாக்கள் பரீட்சைத் தாளில் இடம்பெறல் வேண்டும். ஏனெனில் பரீட்சை எதைக் கேட்கின்றதோ அதையே வகுப்பறை கற்பிக்கும். 1986இல் கிழக்குப் பல்கலைக்கழகமும், 1996இல் ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகமும் இக்கரையின் மக்களுக்காக எழுந்தன. அவற்றிற் பயில்வோர் விடுமுறையில் ஊர் திரும்பும்போது, கோயில் முன்றிலிலோ பள்ளிவாசல் மண்டபத்திலோ வாசிகசாலையிலோ அமர்ந்து, ஒரு கடன் பத்திரத்தை விரித்து, 60,000, 55,000, 50,000 என எழுதிக் காட்டுவாராயின், அது பல கருத்தரங்குகளினும் மேலான பணியாகும்.

தமிழிற் கணிதம் கற்பிக்க வேண்டும் என முந்திய தலைமுறையினர் வாதாடியது, மக்கள் தம் மொழியிற் சிந்திக்கவேண்டும் என்பதற்காகவே. ஆங்கிலச் சூத்திரத்தின் இடத்தில் தமிழ்ச் சூத்திரத்தை வைத்து ஒப்புவிப்பதற்காக அன்று. சொல் தமிழாயிற்று, சிந்தனை இன்னும் தமிழாகவில்லை. அதுவரை கடன் கொடுப்போர் விருத்தி அறிந்தவராகவும், கடன் பெறுவோர் சூத்திரம் அறிந்தவராகவும் இருப்பர். கணக்கு என்றும் முன்னவர் பக்கமே முடியும்.