பல்லுக்கும் காப்புறுதி வேண்டும். முற்பணம் கேட்கும் காப்புறுதி வேண்டாம்

தோட்டத்தில் பல் வலி வந்தால் முதல் மருந்து கிராம்பு. அதற்கு அடங்காவிட்டால் பனடோல். இரண்டு நாள் தூங்காமல் கிடந்த பிறகுதான் டவுனுக்குப் போகும் எண்ணமே வருகிறது. காரணம் அலட்சியமல்ல. 2024 செப்டெம்பரில் நமது அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாவானது. பல் வைத்தியரைப் பார்க்கப் போனால் அன்றைய பேர் இல்லை. பஸ் காசு வேறு. அதனால் நம்மவர்கள் பல்லைக் காப்பாற்றப் போவதில்லை, பிடுங்கத்தான் போகிறார்கள்.

இழப்பு பல்லோடு நிற்பதில்லை. வெற்றிலை, பாக்கு, புகையிலை மெல்லும் பழக்கம் லயங்களில் அதிகம். இலங்கை ஆண்களிடையே அதிகம் காணப்படும் புற்றுநோய் வாய்ப் புற்றுநோயே. ஆரம்பத்தில் வாயினுள் தோன்றும் வெள்ளை, சிவப்புத் திட்டுக்களைப் பல் வைத்தியர் கண்டுபிடித்துவிடலாம். அவரிடம் போகாதவருக்கு அந்த வாய்ப்பும் இல்லை.

அரசாங்க வைத்தியசாலையில் பல் பிடுங்கவும் அடைக்கவும் காசு கேட்பதில்லை. அந்த உரிமையை நாம் விட்டுக்கொடுக்கக் கூடாது. ஆனால் வேர்ச் சிகிச்சை, பல் கட்டுதல் என்று வந்தால் பலர் தனியார் கிளினிக்கின் வாசலில்தான் நிற்கிறார்கள்.

இங்கேதான் ஈ.ரி.எப். பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. 1981 முதல் நம் ஒவ்வொருவர் பெயரிலும் சம்பளத்தில் நூற்றுக்கு 3 வீதத்தைத் தொழில் தருநர் அந்த நிதிக்குச் செலுத்துகிறார். இருதய சத்திர சிகிச்சை, கண் வில்லை, சிறுநீரக மாற்று ஆகியவற்றுக்கு அங்கத்தவருக்கு உதவி உண்டு. வைத்தியசாலையில் தங்கிச் சிகிச்சை பெற்றவர் பில்லைக் காட்டிச் செலவைத் திரும்பப் பெறும் முறையும் உண்டு. பல்லையும் அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும் என்பது என் கருத்து.

ஆனால் ‘முதலில் நீ கட்டு, பிறகு பில்லைக் கொண்டுவா’ என்றால் அது நமக்கு உதவாது. கட்டுவதற்குக் கையில் காசிருந்தால் பல் வலியோடு ஏன் கொழுந்து பறிக்கப் போகிறோம்? வட்டிக்கு வாங்கிக் கட்டினால், திரும்பி வரும் பணம் வட்டிக்காரனுக்கே போகும்.

கனடாவில் 2024 மே மாதம் முதல் அரசாங்கப் பல் பராமரிப்புத் திட்டம் நடைமுறையில் உள்ளது. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 90,000 டொலருக்குக் குறைந்த, வேறு பல் காப்புறுதி இல்லாதவர்களுக்கானது அது. திட்டம் ஏற்கும் தொகை நேராகப் பல் வைத்தியருக்கே போகிறது. நோயாளி அதை முன்கூட்டிக் கட்டிவிட்டுக் காத்திருக்கத் தேவையில்லை. நாம் கேட்க வேண்டியது இந்த முறையைத்தான்.

பணம் நேராகக் கிளினிக்குக்குப் போவதில் ஆபத்தும் உண்டு. அதை மறைக்கக் கூடாது. அமெரிக்காவில் வறியவர்களுக்கான அரச மருத்துவக் காப்புறுதியின் பெயர் மெடிகெயிட். பிள்ளைகளுக்குத் தேவையற்ற பல் சிகிச்சை செய்து அதற்கு பில் அனுப்பக் காரணமாக இருந்ததாக, பல் கிளினிக்குகளை நிர்வகித்த ஃபோர்பா என்ற கம்பனி மீது குற்றச்சாட்டு எழுந்தது. அதை முடித்துக்கொள்ள அந்தக் கம்பனி 2010இல் 2 கோடி 40 இலட்சம் டொலர் செலுத்த உடன்பட்டது. ஏழைப் பிள்ளையின் வாய் அங்கே வருமான வழியாகிவிட்டது என்பதே குற்றச்சாட்டின் சாரம்.

ஆகவே நமது கோரிக்கையோடு மூன்று நிபந்தனைகளும் இருக்க வேண்டும். ஒன்று, எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு என்ற விலைப்பட்டியல் தமிழில் கிளினிக் சுவரில் தொங்க வேண்டும். இரண்டு, என்ன செய்யப்பட்டது என்பதைத் தமிழில் வாசித்து, தொழிலாளி கையொப்பமிட்ட பிறகே பணம் போக வேண்டும். மூன்று, அரசாங்க வைத்தியசாலையில் இலவசமாகக் கிடைக்கும் சிகிச்சையை வெளியே தள்ளிவிட இந்தப் பணம் சாக்காகக் கூடாது.

சம்பளப் பேச்சுவார்த்தையில் பல்லைப் பற்றிப் பேசினால் சிலர் சிரிக்கலாம். தேயிலைத் தூள் விலையைப் பற்றிப் பேசுவோருக்கு நம் வலி தெரியாது. அடுத்த தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் இதை எடுத்துப் பேசுங்கள். தீர்மானமாக எழுதி மாவட்டக் காரியாலயத்துக்கு அனுப்புங்கள். நம் பெயரில் சேரும் பணம் நாம் வாயைத் திறந்து கேட்டால்தான் நம் வாய்க்கு உதவும்.