காடு என்று எதை எண்ணுகிறோம்?

தில்லிக்கு வந்த புதிதில் ஒரு நண்பர், "வாருங்கள், ரிட்ஜ் காட்டைக் காட்டுகிறேன்" என்று அழைத்துப் போனார். தௌலா குவான் அருகே பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால், நம் ராமநாதபுரத்துச் சீமைக் கருவேலம்! இங்கே அதற்கு 'விலாயதி கீகர்' என்று பெயர். இதைப் பார்க்கவா இவ்வளவு தூரம் ரயிலேறி வந்தோம் என்று சிரித்துக்கொண்டேன்.

சிரிப்பு இருக்கட்டும். நாட்டின் வனக் கணக்கில் அந்த முள்மரக் கூட்டமும் காடுதான். டேராடூனில் 1981-இல் அமைந்த இந்திய வன அளவை நிறுவனம் 1987 முதல் அறிக்கைகள் வெளியிட்டு வருகிறது. செயற்கைக்கோள் படத்தில், 1 ஹெக்டேரோ அதற்கு மேலோ உள்ள நிலத்தில் 10 சதவீத இடத்தை மரத்தலைகள் மூடியிருந்தால் அது காட்டுப் பரப்பு. நிலம் யாருடையது, மரம் என்ன, நட்டதா தானே முளைத்ததா என்ற கேள்வியே இல்லை. மாந்தோப்பும் சேரும், தென்னந்தோப்பும் சேரும். நாம் காலையில் நடக்கப் போகும் லோதி கார்டனுக்கும் அந்தத் தகுதி உண்டு! இப்படி 2023-ஆம் ஆண்டு அறிக்கையில் கிடைத்த தொகை 7,15,343 சதுர கி.மீ., அதாவது நாட்டின் பரப்பில் 21.76 சதவீதம்.

நீலகிரியின் சோலைகளுக்கு நடுவே மழைநீரைப் பிடித்து ஓடைக்கு விடும் புல்வெளிகள் உண்டு. மரமில்லாததால் அவை காட்டுப் பரப்பில் வருவதில்லை. அங்கே வாட்டில் மரம் பரவினாலோ காடு பெருகியதாகக் கணக்கு ஏறும். இது என்ன நியாயம்?

அந்த நிறுவனத்துக்கு வகை தெரியாமல் இல்லை. 1968-இல் சாம்பியனும் சேத்தும் நம் காடுகளை 16 பெருவகைகளாகப் பிரித்தார்கள். அதை வைத்தே வகைவாரி வரைபடமும் தயாரித்திருக்கிறார்கள். 2016 முதல் நாடு முழுவதையும் 5 கி.மீ. சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஆட்களை நேரில் அனுப்பி, மார்பளவு உயரத்தில் நாடாவைச் சுற்றி, மரத்தின் பெயரோடு சுற்றளவைக் குறித்து வருகிறார்கள். நான் நம்புவது இந்தக் கால்நடைக் கணக்கைத்தான். வானத்திலிருந்து பார்த்தால் கருவேலமும் பச்சை, கடம்பும் பச்சை. ஆனால் பத்திரிகைத் தலைப்பில் வருவது என்னவோ அந்த ஒற்றைச் சதவீதம் மட்டுமே. இயற்கைக் காட்டுக்கு ஒரு தொகை, தோப்புக்கும் தோட்டத்துக்கும் வேறொரு தொகை என்று பிரித்துச் சொன்னால் என்ன?

ரிட்ஜில் கீகரைக் குறைத்து நாட்டு மரங்களை வளர்க்க வேண்டும் என்ற பேச்சு சில ஆண்டுகளாக நடக்கிறது. உண்மையாகவே செய்தால் சில வருஷங்களுக்குப் பசுமை குறையும். அறிக்கையில் தில்லியின் காடு சுருங்கியதாக வரும். அன்றைக்கு நாமே கூச்சல் போடாமல் இருக்க வேண்டுமே!