அப்பாவின் பத்மினிக்கு என்ன பெயின்ட்?

"பெயின்ட்தானே... கறுப்புல ரெண்டு ஸ்ப்ரே டப்பா வாங்கினா முடிஞ்சுது!" என்று சொல்லிவிட்டுத்தான் கடைக்குக் கிளம்பினேன். அப்பாவின் 1985 மாடல் பிரீமியர் பத்மினிக்கு உள்ளேயும் பானெட்டுக்குக் கீழேயும் புதுப்பொலிவு கொடுப்பதாகத் திட்டம்.

முதலில் டேஷ்போர்டின் மேல்பாகத்துக்கு அடித்தேன். கண்ணாடி மாதிரி மின்னியது. வீட்டில் எல்லோரும் கைதட்டினார்கள். மறுநாள் காலை எதிர்வெயிலில் வண்டியை எடுத்தார் அப்பா. முன்கண்ணாடி முழுக்க டேஷ்போர்டின் பளபளப்பு! குறுக்கே வந்த சைக்கிள்காரரைக் கடைசி நொடியில்தான் பார்த்து பிரேக் போட்டார். நல்லவேளை, யாருக்கும் எதுவும் ஆகவில்லை. வீட்டுக்கு வந்து இறங்கியவர் ஒரே வார்த்தைதான் சொன்னார்: "அழிச்சுடு."

அதன்பிறகுதான் எங்கள் தெரு பெயின்டர் அண்ணனிடம் போய் நின்றேன். "கலரைப் பார்த்து வாங்காதீங்க தம்பி. அந்தப் பார்ட் எங்க இருக்கு, அதுமேல என்ன படும்னு பார்த்து வாங்குங்க" என்றார். அந்த ஒரு வரியில் எல்லாமே அடக்கம்.

காருக்குள்ளே...

டேஷ்போர்டின் மேல்பாகத்துக்கு 'மேட்' பெயின்ட் மட்டுமே. தகடு என்றால் முதலில் பிரைமர். பிளாஸ்டிக் என்றால் அதற்கென்றே இருக்கும் பிரைமர் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் நகம் பட்டாலே உரியும். ரெக்ஸின் சீட், டோர் பேட் போன்றவை வளையும், மடங்கும். சாதாரண பெயின்ட் அதில் வெடித்துவிடும். 'வினைல்' என்று டப்பாவில் போட்டிருக்கும் வகையைக் கேட்டு வாங்குங்கள்.

இத்தனை வருடம் டேஷ்போர்டுக்குப் பாலிஷ் போட்டிருப்போம். அதிலிருக்கும் சிலிக்கான் ஒட்டிக்கொண்டிருந்தால், பெயின்ட் மீன்கண் மாதிரி குழிகுழியாக விலகும். அதனால், சோப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவி, காயவைத்து, நைஸ் உப்புத்தாள் தேய்த்த பிறகே டப்பாவைக் கையில் எடுக்க வேண்டும்.

பானெட்டுக்குக் கீழே...

இங்கே நான் செய்யவிருந்த அடுத்த தவறு, 600 டிகிரி தாங்கும் பெயின்ட்டையே எல்லாவற்றுக்கும் வாங்க நினைத்தது. அதிக சூடு தாங்குவதுதானே நல்லது? இல்லை! அந்த வகை நன்றாகச் சூடேறினால்தான் இறுகும். சூடே ஆகாத பேட்டரி ட்ரேயில் அடித்தால் மெத்தென்றே இருக்கும். பெட்ரோல் துணி பட்டாலே வந்துவிடும். அது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுக்கு மட்டும்தான். டேப்பட் கவருக்கு 200 டிகிரிக்கு மேல் தாங்கும் 'இன்ஜின் எனாமல்' போதும். ஏர் ஃபில்டர் டப்பாவுக்கும் பேட்டரி ட்ரேக்கும் துருவைச் சுரண்டிவிட்டு, பிரைமர் அடித்து, நல்ல எனாமல் அடித்தால் போதும். பிரேக் ஆயில் சிந்தும் இடத்தில் சாதாரண பெயின்ட் நிலைக்காது. சிந்தினால் உடனே தண்ணீர் விட்டுக் கழுவுங்கள்.

ரப்பர் ஹோஸ், பெல்ட், எர்த் வயர் சேரும் இடம் ஆகியவற்றை மாஸ்கிங் டேப் ஒட்டி மறைத்துவிடுங்கள். முக்கியமாக, சேஸிஸ் நம்பரையும் இன்ஜின் நம்பரையும் மூடிவிடாதீர்கள். ஆர்.சி. புதுப்பிக்கப் போகும்போது அதைத்தான் முதலில் தேடுவார்கள்.

அடிக்கும்போது...

ஒரு ஜாண் தூரத்திலிருந்து மெல்லிய கோட்டாக மூன்று முறை அடியுங்கள். மழை நாளில் வேண்டாம். ஈரக்காற்றில் பெயின்ட் வெளுத்துப்போகும். பேட்டரியைக் கழற்றிவிட்டு, திறந்தவெளியில் மாஸ்க் போட்டு அடியுங்கள். அடுப்பும் பீடி, சிகரெட்டும் பக்கத்திலேயே வரக்கூடாது. பழைய பெயின்ட்டில் ஈயம் இருக்கலாம் என்பதால், தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். குழந்தைகள் தள்ளியே இருக்கட்டும். மிச்சமிருக்கும் டப்பாவை வெயிலில் நிற்கும் காருக்குள் வைத்துவிடாதீர்கள், வெடிக்கும்.

பத்மினி தயாரிப்பு நின்று 20 வருடங்களுக்கு மேல் ஆகிவிட்டது. கெடுத்துவிட்டால் மாற்றுப் பாகத்துக்குப் பழைய சாமான் கடைகளில்தான் அலைய வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை டேஷ்போர்டுக்கு மேட் கறுப்பு அடித்து முடித்தேன். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. அப்பா மட்டும் வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றிவிட்டு வந்தார்.

"ரோடு தெரியுதுடா" என்றார். எனக்கு அது போதும்!