கருவி குற்றமற்றதா?

“கத்தி பழத்தையும் நறுக்கும், கழுத்தையும் அறுக்கும். குற்றம் கத்தியிலன்று, பிடித்த கையிலேயே உள்ளது.” சமூக ஊடகங்கள் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் எமது சிற்றுண்டிச்சாலையிலும் விரிவுரை மண்டப வாயிலிலும் தவறாது கேட்கும் வாசகம் இது. தொழில்நுட்பம் நடுநிலையானது என்பதே இதன் சாரம். பார்வைக்கு நியாயமாகத் தோன்றும் இவ்வாதம் உண்மையில் யாருக்குப் பயன்படுகின்றது என வினவுவோர் எம்மிடையே மிகச் சிலரே. தூரதேசத்து உதாரணங்களை நாடாது, எமது பல்கலைக்கழகத்தின் அயலிலே நிகழ்ந்ததொன்றைக் கொண்டே இதனை உரைத்துப் பார்த்தல் தகும்.

2018 பெப்ரவரி 22 ஆம் திகதி தெல்தெனியவில் தாக்கப்பட்ட சிங்கள லொறிச் சாரதியொருவர் மார்ச் மாதத் தொடக்கத்தில் உயிரிழந்தார். தாக்கியோர் முஸ்லிம் இளைஞர்கள். இவ்விரு சம்பவங்களுக்கும் இடையில், அம்பாறையில் முஸ்லிம் உணவகமொன்றின் உணவிலே கருத்தடை மருந்து கலக்கப்படுகின்றது என்ற புளுகு பரப்பப்பட்டு, கடைகளும் பள்ளிவாசலும் தாக்கப்பட்டிருந்தன. அது வெறும் மாவுக்கட்டியே என அரசாங்க இரசாயனப் பகுப்பாய்வாளர் அறிவித்தபோது காலம் கடந்துவிட்டது. மார்ச் 4 ஆம் திகதி முதல் திகன, தெல்தெனிய, அக்குறணை, கட்டுகஸ்தோட்டை ஆகிய இடங்களில் முஸ்லிம் மக்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் எரிக்கப்பட்டன. திகனவில் எரிந்த வீட்டினுள் இளைஞரொருவர் மாண்டார். 6 ஆம் திகதி அவசரகால நிலை பிரகடனமாயிற்று. 7 ஆம் திகதி பேஸ்புக், வட்ஸ்அப், வைபர் முதலியன தடுக்கப்பட்டன.

இந்நாட்களில் அவ்வூடகத்தின் சொந்தக்காரர்கள் யாது செய்தனர்? முஸ்லிம்களைக் குழந்தைகளும் எஞ்சாது கொல்லுமாறு தூண்டிய சிங்களப் பதிவொன்றைப் பற்றி முறையிட்டபோது, அது தமது விதிகளை மீறவில்லை என்ற பதிலே கிடைத்தது என்பதை இலங்கையின் சிவில் அமைப்புகள் பகிரங்கமாக எடுத்துக்காட்டின. எமது நாட்டில் இலட்சக்கணக்கானோரைப் பாவனையாளராகச் சேர்த்துக்கொண்ட கம்பனி, அவர்களது மொழியை வாசித்தறியப் போதிய ஆட்களை வைத்திருக்கவில்லை. தடை விதிக்கப்பட்ட பின்னரே அதன் பிரதிநிதிகள் கொழும்புக்கு வந்து பேசினர். மார்ச் 15 ஆம் திகதி தடை நீங்கிற்று. தனது தளத்தில் பரவிய வெறுப்புப் பேச்சும் வதந்தியும் வன்செயலுக்கு வழிவகுத்திருக்கலாம் என ஏற்று அக்கம்பனி மன்னிப்புக் கோரியது 2020 மே மாதத்திலேதான்.

இனி, கத்தி உவமைக்கு மீள்வோம். கத்தியைச் செய்த கொல்லன் அதனை விற்றதோடு விலகிவிடுகிறான். எவர் கையில் எதனைக் கொடுத்தால் அதிக நேரம் பிடித்திருப்பார் என அவன் கணக்கிடுவதில்லை. ஒவ்வொரு வெட்டுக்கும் அவனுக்குக் கூலி கிடைப்பதுமில்லை. பேஸ்புக்கின் வருமானத்தில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் விளம்பரத்தினால் வருவது. விளம்பரம் பார்க்கப்பட வேண்டுமாயின் மனிதர் திரையை விட்டகலாதிருத்தல் வேண்டும். ஆதலால் எப்பதிவு முன்னே வரவேண்டும், எது பின்னே செல்லவேண்டும் என்பதைக் கம்பனியே தீர்மானிக்கின்றது. கருத்துரையும் பகிர்வும் மிகுந்த பதிவுகளுக்கு முதலிடம் கொடுக்கும் மாற்றத்தை அது அறிவித்தது 2018 ஜனவரியில். இம்மாற்றம் கோபத்தைக் கிளறும் பதிவுகளுக்கே ஊக்கமளித்தது எனக் கம்பனியின் ஊழியர்களே எச்சரித்திருந்தமை 2021 இல் வெளியான உள்ளக ஆவணங்களால் தெரியவந்தது. அதற்கு முன்னரே, 2017 ஒக்ரோபரில், செய்தி நிறுவனங்களின் பதிவுகளைப் பிரதான பக்கத்திலிருந்து அகற்றி ஒதுக்கும் பரிசோதனையொன்றும் ஆறு நாடுகளில் தொடங்கப்பட்டது. அவற்றுள் இலங்கையும் ஒன்று. அது கைவிடப்பட்டது 2018 மார்ச் 1 இல். இவையே கலவரத்தின் காரணம் என்று யான் வாதிடவில்லை. எம்மைக் கேளாமலே எமது நாட்டைப் பரிசோதனைக்கூடமாக்கும் ஒன்றை நடுநிலைக் கருவி என்பது எங்ஙனம் பொருந்தும் என்பதே எனது வினா.

இதற்கு நேரெதிரான கருத்துடையோரும் உளர். “எல்லாவற்றையும் தடைசெய்க” என்பர் அவர். இதுவும் ஏற்கத்தக்கதன்று. 1915 இல் கண்டி நகரிலேதான் சிங்கள-முஸ்லிம் கலவரம் மூண்டது. அன்று கைத்தொலைபேசி இருக்கவில்லை. 1983 ஜூலையிலும் வதந்தி வாய்வழியே பரவிற்று. இனவாதத்தை விதைத்தோர் இந்நாட்டின் அரசியல்வாதிகளே. கம்பனி அவ்விதைக்கு நீர் பாய்ச்சிக் கூலி பெற்றது. தடையென்னும் ஆயுதம் அரசின் கையில் என்னவாகும் என்பதையும் கண்டோம். 2022 ஏப்ரல் 3 ஆம் திகதி அது பாய்ந்தது இனவெறியர்மீதன்று. பொருளாதார நெருக்கடியால் வீதிக்கிறங்கிய மக்கள்மீதே. 2024 இன் நிகழ்நிலைக் காப்புச் சட்டமோ, ஜனாதிபதியால் நியமிக்கப்படும் ஆணைக்குழுவிடம் உண்மை எது, பொய் எது எனத் தீர்மானிக்கும் அதிகாரத்தை ஒப்படைத்தது. கம்பனியின் பொறுப்பின்மைக்கு மருந்தாக மக்களின் வாயைக் கட்டுவது எவ்வகை வைத்தியம்?

வேண்டுவது வேறு. இந்நாட்டில் அச்சிடப்படும் பத்திரிகைக்கு ஆசிரியர் ஒருவர் உளர்; அவரை நீதிமன்றுக்கு அழைக்கலாம். பத்திரிகையிலும் மிகுந்த செல்வாக்குடைய தளத்துக்கும் அத்தகைய பொறுப்பு இருத்தல் வேண்டும். சிங்களத்திலும் தமிழிலும் எத்தனை முறைப்பாடுகள் வந்தன, எத்தனை நாட்களில் என்ன விடை கொடுக்கப்பட்டது, அவற்றை வாசித்தோர் எத்தனை பேர் என்பன ஆண்டுதோறும் வெளியிடப்படல் வேண்டும்.

எம்மைப் பற்றியும் ஒரு வார்த்தை. திகன எரிந்தபோது “இது சிங்களவருக்கும் முஸ்லிம்களுக்குமிடையிலான விவகாரம்” என்று கூறி ஒதுங்கிய தமிழர் பலர். 1983 இல் மற்றவர் எமக்காக வாய்திறக்கவில்லையே என இன்றும் வருந்தும் நாம், அவ்வார்த்தையை எவ்வாறு கூறத் துணிந்தோம்? எமது தமிழ்க் குழுக்களில் முஸ்லிம் மக்களை இழித்துரைக்கும் செய்திகள் ஆராயப்படாமலே இன்றும் கைமாறுகின்றன. மொழியும் வரலாறும் பயிலும் கலைப்பீட மாணவர், ஒரு செய்தியின் மூலத்தை வினவுதற்கும் சோம்புவாராயின், அப்பயிற்சியின் பயன் யாது?

கையில் குற்றம் இல்லையென யான் கூறவில்லை. கையின் குற்றத்தைக் காட்டிக் கத்தியின் சொந்தக்காரன் தப்பிச்செல்ல நாம் வழிவிடலாகாது என்றே கூறுகிறேன்.