ரம்பத்தைப் பழுதுபார்ப்பவர் மரத்துக்குப் பகைவரா?

பழைய காரொன்றைக் கொட்டகையில் நிறுத்தி, ஞாயிறுதோறும் அதன் திருகுகளைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டிருப்பவரை ஊர் பொறுத்துக்கொள்கிறது. அந்தக் கார் புகைவிட்டு நகரும் நாளில் பாராட்டவும் செய்கிறது. கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கென்றே ஜீடி அருங்காட்சியகம் இருக்கிறது. ஜாவா மோட்டார் சைக்கிள், வால்வு ரேடியோ, கைத் தையல் இயந்திரம் ஆகியவற்றை உயிர்ப்பிப்போர்க்கும் அதே மதிப்பு உண்டு. பழைய சங்கிலி ரம்பத்தை உயிர்ப்பிப்பவருக்கு மட்டும் அது கிடைப்பதில்லை. அதுவும் அவர் சித்தூரிலோ திருப்பதியிலோ வாழ்பவராயின் முதலில் எழுவது ஐயம். ‘இதை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறார்?’ என்ற கேள்விக்குப் பின்னால் சேஷாசல மலையும் செம்மரமும் நிற்கின்றன.

அந்த ஐயத்துக்குக் காரணம் இல்லாமலில்லை. செம்மரம் கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியில் மட்டுமே இயல்பாக வளர்வது. 1995 முதல் அதன் பன்னாட்டு வணிகம் சைட்டிஸ் உடன்படிக்கையின் கட்டுப்பாட்டில் இருக்கிறது. கடத்தலைத் தடுக்கத் திருப்பதியில் தனிப்படையே இயங்குகிறது. 2015 ஏப்ரல் 7 அன்று அக்காட்டில் சுட்டுக் கொல்லப்பட்ட 20 பேரும் தமிழ்நாட்டுத் தொழிலாளர்கள். பெரும்பாலோர் திருவண்ணாமலை, தருமபுரி மாவட்டத்தவர். இரு மாநிலத்துக்கும் ஆறாத புண் அது. ஆயினும் ஒன்றைக் கருதவேண்டும். செம்மரம் வெட்ட அழைத்துச் செல்லப்படும் கூலிகளின் முதற்கருவி கோடரி. இருவீச்சு எஞ்சினின் அலறல் பள்ளத்தாக்கு முழுதும் கேட்கும். ஒளிந்து வெட்ட வேண்டியவனுக்கு அதைவிடப் பெரிய காட்டிக்கொடுப்பான் வேறில்லை. செய்யாத குற்றத்தின் பழியைப் பெரும்பாலும் சுமப்பது பெட்ரோல் ரம்பம்.

‘ரம்பம்’ என்ற சொல் இம்மாவட்டத்தில் தமிழுக்கும் தெலுங்குக்கும் பொது. 1911 வரை வடஆற்காட்டோடு இருந்த நிலத்தில் இது வியப்பன்று. வியப்பு வேறிடத்தில் இருக்கிறது. மரம் அறுக்கும் இந்தச் சங்கிலியின் மூத்த வடிவம் காட்டில் பிறக்கவில்லை. 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஜான் ஐட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்னும் ஸ்காட்லாந்து மருத்துவர் இருவர் எலும்பறுக்கப் பயன்படுத்திய கைச்சங்கிலி அது. மரத்துக்கு அது வந்து சேர 20ஆம் நூற்றாண்டு ஆயிற்று. 1920களின் இறுதியில் ஜெர்மனியில் ஆண்ட்ரியாஸ் ஸ்டில் செய்த பெட்ரோல் ரம்பத்தைத் தூக்க இருவர் வேண்டும். அதே நிறுவனம் 1959இல் கொண்டுவந்த ‘கான்ட்ரா’ ஏறத்தாழ 12 கிலோ; ஒருவர் கையில் அடங்கிற்று. உலகெங்கும் பழைய ரம்பம் சேகரிப்போர் விரும்பித் தேடுபவற்றுள் அதுவும் ஒன்று.

ஆனால் இயந்திரம் எடை குறைந்ததைவிடப் பெரிய மாற்றம் பல்லில் நிகழ்ந்தது. தொடக்ககாலச் சங்கிலியின் பற்கள் கைரம்பத்தின் பற்களைப் போல் மரத்தைக் கீறின, விரைவில் மழுங்கின, அரம் போட்டே பொழுது போயிற்று. 1946இல் அமெரிக்காவின் ஆரிகன் காட்டில் மரவெட்டியாக இருந்த ஜோசப் காக்ஸ், அடிமரம் ஒன்றில் வண்டுப் புழு துளைத்துச் செல்வதைக் கண்டார். நார் ஓடும் வாக்கிலும் அதற்குக் குறுக்கிலும் தடையின்றி, இடமும் வலமுமாகத் தன் வளைந்த தாடைகளால் அது மரத்தைச் செதுக்கிச் சென்றது. மறு ஆண்டே அத்தாடையின் வடிவில் அவர் எஃகுப் பற்கள் செய்தார். இன்று விற்கும் சங்கிலிகள் ஏறத்தாழ அனைத்தும் அப்பல்லின் வழித்தோன்றல்கள். அந்தப் புழு நெட்டுணர்வுக் கொம்பு வண்டுக் குடும்பத்தைச் சேர்ந்தது. சித்தூர் மாந்தோப்புகளில் அடிமரத்தைக் குடைந்து மரத்தையே சாய்க்கும் தண்டுத் துளைப்பானும் அதே குடும்பம். தோப்பைக் கொல்லும் புழுவும் தோப்பைக் காக்கும் பல்லும் உறவுமுறை என்பது சற்று வேடிக்கைதான்.

தோப்பைக் காப்பது என்றது மிகையன்று. இம்மாவட்டத்தின் மாம்பழத்தில் பெரும்பங்கு தோத்தாபுரி. கூழ்த் தொழிற்சாலைகளை நம்பி விளைவது. 2025 பருவத்தில் விலை சரிந்தபோது, ஆலைகள் கிலோவுக்கு 8 ரூபாயும் அரசு 4 ரூபாயும் தரவேண்டும் என்று அறிவிக்கும் நிலை வந்தது. அத்தகைய ஆண்டில் 40 வயது கடந்து, கிளைகள் பின்னி, உள்ளே வெயில் புகாமல் காய்ப்புக் குறைந்த தோப்பை விறகுக்கு விற்றுவிடும் எண்ணம் எந்த விவசாயிக்கும் எழும். மாற்று வழி உண்டு. லக்னோவிலுள்ள மத்திய தோட்டக்கலை ஆய்வு நிறுவனம் பல ஆண்டுகளாக வலியுறுத்தும் புத்துயிர்க் கவாத்து அது. முதிர்ந்த மரத்தின் பெருங்கிளைகளைத் தரையிலிருந்து 4, 5 மீட்டர் உயரத்தில் தறித்து, வெட்டுவாயில் பூஞ்சணக்கொல்லிப் பசை பூசி, வெடித்துக் கிளம்பும் துளிர்களில் நல்லவற்றை மட்டும் நிறுத்தினால், இரண்டு மூன்று ஆண்டுகளில் மரம் மீண்டும் காய்க்கும். முழுவதையும் ஒரே ஆண்டில் தறிக்காமல் பகுதி பகுதியாகச் செய்தால் வருமானம் அடியோடு நிற்காது.

இங்கேதான் கருவியின் கூர்மை மரத்தின் உயிரைத் தீர்மானிக்கிறது. மழுங்கிய கோடரியால் தறித்த கிளை பட்டையை அடிமரம் வரை உரித்துக்கொண்டு விழும். அந்தப் பிளவில்தான் துளைப்பான் முட்டையிடுகிறது. கூரான சங்கிலியால் முதலில் கிளையின் அடிப்புறத்தில் ஒரு பிடி அறுத்து, பின்பு மேலிருந்து அறுத்தால் வெட்டுவாய் பலகை போல் அமையும். சங்கிலி கூராக இருக்கிறதா என்பதைச் சொல்ல அதிகாரி வேண்டாம். கீழே விழுவது செதிலானால் கூர், தூளானால் மழுங்கல்.

பழைய ரம்பம் ஒன்றை எடுத்து உட்காருபவர் கற்பது இதைத்தான். முதலில் அழுத்தம், பிறகு பொறி, பிறகு எரிபொருள் என்னும் வரிசை. தொடக்கக் கயிற்றை இழுக்கும்போது கைக்குத் தெரியும் எதிர்ப்பே பிஸ்டனின் நலத்தைச் சொல்லிவிடும். பல ஆண்டு கிடந்த மேக்னெட்டோவின் தொடுமுனைகளில் படிந்த களிம்பை மெல்லிய தாளால் தேய்த்தெடுத்தால், ‘செத்தது’ என்று ஒதுக்கப்பட்ட எஞ்சின்களில் பல மறுபடி பொறி விடும். கார்புரேட்டருக்குள் இருக்கும் சவ்வு விறைத்திருந்தால் மாற்றவேண்டும்; ரம்பத்தை எப்பக்கம் சாய்த்தாலும் எஞ்சின் நிற்காமல் ஓடுவது அந்தச் சவ்வினால்தான். சுழல்தண்டின் எண்ணெய்த்தடுப்பு வெடித்திருந்தால் காற்று புகும். கலவை வறண்டு, எஞ்சின் வெறிபிடித்தாற்போல் வேகமெடுத்து, சில நிமிடங்களில் பிஸ்டன் கீறிப்போகும். கெட்டிக்காரர்களும் இந்த இடத்தில் தவறுகிறார்கள். ஓடுகிறதே என்ற மகிழ்ச்சியில் காதை மூடிக்கொள்கிறார்கள்.

இதோடு புதிய சிக்கலொன்று சேர்ந்திருக்கிறது. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால். அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். தொட்டியில் வாரக்கணக்கில் நின்றால் நீரோடு சேர்ந்து அடியில் பிரியும். பழைய ரப்பர்க் குழாயை ஊதவைக்கும். மக்னீசிய உலோகக் கூட்டை அரிக்கும். எத்தனாலில் ஆக்சிஜன் இருப்பதால் கலவை வறளவும் செய்கிறது. அண்மைக்கால ரம்பங்கள் பலவற்றின் கார்புரேட்டரில் திருகைக் கையால் திருப்ப இயலாதபடி தடையிட்டிருக்கிறார்கள். பழையவற்றில் உயர்வேகத் திருகு வெளியே இருக்கிறது. கால் சுற்றுத் திறந்தால் போதும். பழையது புதிய எரிபொருளுக்கு எளிதாக இணங்குகிறது என்பதைப் ‘பழுதுபார்க்கும் உரிமை’ பற்றிப் பேசுவோர் கவனிக்கவேண்டும். 2022இல் ஒன்றிய நுகர்வோர் துறை அமைத்த குழு முதலில் எடுத்துக்கொண்ட துறைகளுள் வேளாண் கருவிகளும் உண்டு. அந்த உரிமையைப் பயன்படுத்தும் கைகள் ஊரில் இல்லையேல் உரிமை தாளோடு நிற்கும்.

மறுதரப்பில் வலுவான வாதம் ஒன்று உண்டு. அது செம்மரத்தைப் பற்றியதன்று. பழைய ரம்பம் ஆளைக் கொல்லக்கூடியது. சட்டத்தின் நுனி மரத்தில் இடித்தால் ரம்பம் அறுப்பவர் முகத்தை நோக்கி எகிறும். அப்போது சங்கிலியை நிறுத்தும் கைத்தடை 1970களில்தான் பரவிற்று. அதிர்வைத் தாங்கும் ரப்பர் அமைப்பு இல்லாத கைப்பிடியை ஆண்டுக்கணக்கில் பிடித்தவர்களின் விரல்கள் இரத்தம் வற்றி வெளுத்தன. ஆகவே மீட்டெடுத்த பழைய ரம்பம் கற்பதற்கும் காட்டுவதற்கும் உரியது; கூலியாள் கையில் கொடுத்து மாமரத்தில் ஏற்றுவது குற்றம். தோப்புக்குத் தடையுள்ள ரம்பம் போகட்டும். அதைக் கூராகவும் நலமாகவும் வைத்திருக்கும் கை, பழையதில் பழகிய கையாக இருக்கட்டும்.

அரசு செய்யக்கூடியதும் சிறிதுதான். ஆந்திர வனச் சட்டத்தின்படி குற்றத்தில் பயன்பட்ட கருவிகளைப் பறிமுதல் செய்யலாம். வழக்கு முடிந்து அரசுடைமையான ரம்பங்கள் இருந்தால், அவற்றை இரும்பு விலைக்குத் தள்ளுவதைவிட அரசுத் தொழிற்பயிற்சி நிலையத்துக்குக் கொடுப்பது மேல். கழற்றிப் பூட்டிப் பார்க்க மாணவருக்கு அதைவிட மலிவான எஞ்சின் கிடைக்காது. ஒன்றைக் குறுக்கே அறுத்து அலிபிரியிலுள்ள அறிவியல் மையத்தில் வைத்தால் இருவீச்சு எஞ்சினைப் பாடநூலின்றி விளக்கலாம். திருப்பதி எஸ்.வி. வேளாண் கல்லூரி ஆண்டுதோறும் மாங்காய்ப் பருவம் முடிந்ததும், கவாத்துக்கு முன்பாக, ஒரு வாரம் சங்கிலிக்கு அரம் போடும் பயிற்சி நடத்தலாம்.

பிலிப்பைன்ஸ் 2002இல் இயற்றிய சட்டம் சங்கிலி ரம்பம் ஒவ்வொன்றையும் பதிவு செய்யச் சொல்கிறது. அங்கும் கள்ளவெட்டு ஒழிந்துவிடவில்லை. ஆனால் பதிவுச்சீட்டு வைத்திருப்பவர் திருடனைப் போல் ஒளிக்க வேண்டியதில்லை. சித்தூரில் அதுபோன்ற எளிய பதிவு வருமானால், பழைய ரம்பங்களைப் பழுதுபார்ப்போர் அதை எதிர்க்கக் கூடாது. முதல் வரிசையில் நின்று பதிந்துகொள்ள வேண்டும். கட்டணம் மட்டும் ஒரு சங்கிலியின் விலையைத் தாண்டாதிருக்கட்டும்.