நைட்ரேட் பில்லை யார் கட்டுவது?

பி.காம் படிக்கிறவனுக்குத் தண்ணியில என்ன ஆராய்ச்சின்னு கேட்காதீங்க. இது கணக்கு சமாச்சாரம்தான்.

அமெரிக்காவில் அயோவா மாநிலம். மக்காச்சோளத்திலும் பன்றி வளர்ப்பிலும் அந்த நாட்டிலேயே முதலிடம். அதன் தலைநகர் டி மொயினுக்குக் குடிநீர் தருவது ரக்கூன், டி மொயின் என்ற இரண்டு ஆறுகள். வயலில் போடும் உரமும் பன்றிக் கழிவும் நைட்ரேட்டாகி, நிலத்தடியில் புதைத்திருக்கும் வடிகால் குழாய்கள் வழியே நேராக ஆற்றுக்கு வந்து சேருகிறது.

நைட்ரேட்டுக்கு நிறமும் கிடையாது, மணமும் கிடையாது. கொதிக்க வைத்தாலும் போகாது, தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். அந்தத் தண்ணீரில் பால்பவுடர் கரைத்துக் கொடுத்தால், கைக்குழந்தையின் ரத்தம் ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் உடம்பு நீலம் பாரிக்கும். 1945-ல் இதை முதலில் எழுதிய டாக்டர் ஹண்டர் காம்லி வேலை பார்த்ததும் அயோவாவில்தான். அமெரிக்க வரம்பு லிட்டருக்கு 10 மில்லிகிராம். (நம்ம இந்தியத் தரத்தில் 45 என்று பார்த்து மிரளாதீங்க. அவங்க நைட்ரஜனை மட்டும் கணக்கில் எடுக்கிறாங்க, நாம முழு நைட்ரேட்டை. கிட்டத்தட்ட ஒரே அளவுதான்.)

1990-களின் தொடக்கத்தில் நகர நீர் வாரியம் நைட்ரேட்டைப் பிரிக்கத் தனி ஆலையே கட்டியது. செலவு 40 லட்சம் டாலருக்கு மேல். அது ஓடுகிற ஒவ்வொரு நாளும் ஆயிரக்கணக்கில் டாலர் செலவு. பிரித்த நைட்ரேட் எங்கே போகிறது தெரியுமா? திரும்ப ஆற்றுக்கே! அங்கிருந்து மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவுக்கு.

இந்தச் செலவு நகரத்துக்காரர் தண்ணி பில்லில் ஏறுகிறது. சோளம் விளைவிப்பவரின் காஸ்ட் ஷீட்டில் அப்படி ஒரு வரியே இல்லை. எக்ஸ்டர்னாலிட்டி என்று இரண்டு மார்க்குக்கு நாம மனப்பாடம் பண்றோமே, அதுதான் இது.

2015-ல் வாரியம் மேல்பகுதியில் உள்ள 3 கவுண்டிகளின் வடிகால் மாவட்டங்கள் மீது வழக்குப் போட்டது. 2017-ல் தள்ளுபடி. ஆற்றில் நைட்ரேட் இல்லை என்று கோர்ட் சொல்லவில்லை. அந்த அமைப்புகளிடம் நஷ்டஈடு வாங்கச் சட்டத்தில் இடமில்லை, தீர்வு சட்டசபையின் வேலை என்றது. 2025 ஜூனில் ஆலையை முழுவீச்சில் ஓட்டியும் போதாமல், புல்வெளிக்குத் தண்ணீர் விடவே தடை போட்டார்கள்.

விவசாயியைத் திட்டுவதில் எனக்கு உடன்பாடில்லை. அவருக்கும் மார்ஜின் கம்மி. பக்கத்து வயல்காரர் உரத்தைக் குறைக்காதபோது இவர் மட்டும் ஏன் ரிஸ்க் எடுப்பார்? 'விருப்பப்பட்டால் செய்யுங்கள்' என்ற 2013 மாநிலத் திட்டம் தடுமாறுவதும் இங்கேதான். ஆனால் பல நூறு டாலர் விலையுள்ள உரத்துக்கு 1987 சட்டம் போட்ட கட்டணம் டன்னுக்கு 75 சென்ட்! அதை நியாயமாக உயர்த்தி, அந்தப் பணத்தை அறுவடைக்குப் பின் மூடுபயிர் போடும் விவசாயிக்கே கொடுக்கலாம். குழாயடியில் வடிகட்டுவதைவிட வயலில் தடுப்பதற்குச் செலவழிப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது.