429 கோடிக்குள் ஒளிந்திருந்த 641

2-இன் 32-ஆம் அடுக்கோடு 1-ஐக் கூட்டினால் 429,49,67,297 கிடைக்கும். 3, 5, 17, 257, 65537 என்று செல்லும் ஃபெர்மா எண்களின் வரிசையில் இது ஆறாவது. ஓர் எண்ணிலிருந்து 1-ஐக் கழித்து, வர்க்கப்படுத்தி, 1-ஐக் கூட்டினால் வரிசையின் அடுத்த எண் வந்துவிடும். முதல் ஐந்தும் பகா எண்கள். எனவே மற்றவையும் பகா எண்களே என்று 17-ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சு மேதை ஃபெர்மா நம்பினார். 1732-இல் கணிதவியலாளர் ஆய்லர் இந்த ஆறாவது எண்ணைக் காரணிப்படுத்தியதும் அந்த நம்பிக்கை தகர்ந்தது: 641 × 67,00,417.

வகுத்து வகுத்தே தேடுவதானால், இதன் வர்க்கமூலம் வரை 6,542 பகா எண்களைச் சோதிக்க வேண்டியிருக்கலாம். ஆனால் இதன் பகாக் காரணி எதுவும் 64-இன் ஒரு மடங்கைவிட 1 அதிகமாகத்தான் இருக்க முடியும் என்று ஆய்லர் பின்னாளில் நிறுவினார். அப்படிப்பட்ட பகா எண்கள் 193, 257, 449, 577, 641 என்று தொடங்குகின்றன. ஐந்தாவதிலேயே விடை வந்துவிடுகிறது. எண்ணியலில் ஒரு சிறு விதிக்கு எவ்வளவு வலிமை உண்டு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

641 இதை வகுக்கும் என்பதை நீண்ட வகுத்தல் இல்லாமலே காட்டலாம். 5 × 128 = 640; இது 641-ஐவிட ஒன்று குறைவு. ஆகவே 640-இன் நான்காம் அடுக்கை 641-ஆல் வகுத்தால் மீதி 1. அந்த நான்காம் அடுக்கை 625 × 2²⁸ என்றும் எழுதலாம். 625-உடன் 16-ஐக் கூட்டினால் 641 என்பதால், 625-இன் இடத்தில் −16-ஐ வைத்தாலும் மீதி மாறாது. −16 × 2²⁸ என்பது −2³². அதன் மீதியும் 1 என்றால், 2³² + 1 மிச்சமின்றி வகுபட்டே தீரும். நாலே வரியில் முடியும் இந்த நிரூபணம் உண்மையிலேயே அழகானது.

இரு வர்க்கங்களின் கூடுதலாகப் பார்த்தாலும் இந்த எண் பகா எண் அல்ல என்பது தெரியும். இது 65536² + 1² என்பது வெளிப்படை. 62264² + 20449² என்பதும் இதுவே. பகா எண்ணை இப்படி இரு வேறு வகையில் எழுதவே முடியாது.

எல்லாப் பகா எண்களும் நிறைவுசெய்யும் ஃபெர்மாவின் சிறிய தேற்றத்தைக் கொண்டு, 2-ஐ அடிமானமாக வைத்துச் சோதித்தால் மட்டும் இந்த எண் பகா எண்போலத் தேறிவிடும். அடிமானம் 3 என்றால் பிடிபடும்.

வடிவியலிலும் ஃபெர்மா எண்களுக்கு ஓர் இடம் உண்டு. அளவுகோலும் கவராயமும் மட்டும் கொண்டு 17 பக்க ஒழுங்குப் பலகோணம் வரைய முடியும் என்று 1796-இல் கணிதவியலாளர் காஸ் கண்டார். அப்படி வரையத்தக்கவற்றில், பக்கங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாக உள்ள மிகப் பெரிய பலகோணமாக இன்று அறியப்பட்டிருப்பதற்கு 429,49,67,295 பக்கங்கள். முதல் ஐந்து ஃபெர்மா எண்களின் பெருக்கற்பலன் அது; இத்தகைய பலகோணங்களின் பக்க எண்ணிக்கை ஃபெர்மா பகா எண்களிலிருந்தே உருவாகிறது. நம் எண்ணைவிட இரண்டே குறைவு. நம் எண்ணுக்கு அடுத்த 27 ஃபெர்மா எண்களும் பகு எண்களே என்பது உறுதியாகியிருக்கிறது. ஆறாவதாக ஒரு ஃபெர்மா பகா எண் உண்டா என்பது மட்டும் இன்றுவரை தீராத கேள்வி.